துள்ளி ஓடிய தாத்தா!

1988-ம் ஆண்டு. செப்டம்பர் 17-ந் தேதி. சனிக்கிழமை.

தென் கொரியாவின் தலைநகர் சியோல் விழாக்கோலம் பூண்டிருந்தது. ஒலிம்பிக் பந்தயத்தின் தொடக்க விழா அன்றுதான்.

நகரின் பெரிய விளையாட்டு மைதானத்தில் ஏறத்தாழ 70 ஆயிரம் பேர் கூடி இருந்தார்கள். 159 நாடுகளைச் சேர்ந்த வீரர்களும் வீராங்கனைகளும் வந்திருந்தார்கள். உலகம் முழுவதும் கோடிக்கணக்கான மக்கள் டெலிவிஷன் பெட்டியின் முன் அமர்ந்திருந்தார்கள்.

எல்லோரும் ஒன்றைத்தான் எதிர்பார்த்தார்கள். ஒலிம்பிக் ஜோதி எப்போது வரும்? அதை யார் ஏந்தி வருவார்?

மைதானத்தின் வாசலில் ஓர் உருவம் தெரிந்தது. கையில் ஜோதி. வெள்ளை உடை. தலை நரைத்த மனிதர்.

"வாலிபர் ஒருவர் வருவார் என்று பார்த்தால், கிழவர் வருகிறாரே!" என்று வெளிநாட்டுக்காரர்கள் வியந்தார்கள்.

கொரியர்கள் வியக்கவில்லை. அவரைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். மைதானமே அதிரும்படி ஆரவாரம் செய்தார்கள். பலர் கண்களில் நீர் பெருகியது.

அந்தப் பெரியவர் ஓடினார். வெறும் ஓட்டமா அது? பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு ஓடும் சிறுவனைப் போல, துள்ளித் துள்ளி ஓடினார். ஜோதியை உயரத் தூக்கிக் காட்டினார். குதித்தார். மறுபடியும் குதித்தார்.

அவருக்கு அப்போது வயது 76!

அவர் பெயர் சோன் கீ சுங். அந்த ஒரு துள்ளலுக்காக அவர் 52 ஆண்டுகள் காத்திருந்தார்.

ஏன்?

ஆற்றங்கரைச் சிறுவன்

கொரியாவின் வடக்கு எல்லையில் யாலு என்ற ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சீனா. இந்தப் பக்கம் சினுய்ஜு என்ற ஊர். அங்கேதான் 1912-ம் ஆண்டில் சோன் பிறந்தார்.

அவர் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1910-ல், ஜப்பான் கொரியாவைத் தன் ஆட்சியோடு சேர்த்துக்கொண்டு விட்டது. ஆகவே, அவர் பிறக்கும்போதே அடிமை நாட்டின் குழந்தை.

ஏழைக் குடும்பம். விளையாட்டுச் சாமான்கள் வாங்கப் பணம் இல்லை. ஆனால், ஓடுவதற்குப் பணம் எதற்கு? கால் இருந்தால் போதும். சிறுவன் சோன் ஓடினான்.

ஓட்டத்தில் அவனுக்கு இருந்த திறமை ஊராருக்குத் தெரிந்தது. பிறகு சியோல் நகரில் உள்ள யாங்ஜோங் பள்ளியில் சேர்ந்தான். ஓட்டக்காரர்களுக்குப் பேர்போன பள்ளி அது.

பள்ளி மாணவனாக இருந்தபோதே, 1935-ம் ஆண்டு நவம்பர் மாதம், டோக்கியோ நகரில் நடந்த மாரத்தான் ஓட்டத்தில் சோன் உலக சாதனை படைத்தார். 2 மணி 26 நிமிடம் 42 வினாடி! பன்னிரண்டு ஆண்டுகள் வரை அந்தச் சாதனையை யாராலும் முறியடிக்க முடியவில்லை.

மாரத்தான் என்பது சாதாரண ஓட்டம் அல்ல. 26 மைல் 385 கெஜம் தூரம் நிற்காமல் ஓட வேண்டும். கிலோமீட்டர் கணக்கில் 42-க்கும் சற்று அதிகம். சென்னையில் புறப்பட்டுச் செங்கற்பட்டை நெருங்கும் அளவு தூரம்!

பெயரும் போயிற்று

அடுத்த ஆண்டு, 1936-ல், ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் ஒலிம்பிக் பந்தயம்.

சோனுக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஆனால், கொரியா என்று ஒரு தனி நாடு அப்போது உலகப் படத்தில் இல்லை. போக வேண்டுமானால் ஜப்பான் அணியில்தான் போக வேண்டும். ஜப்பான் கொடி பொறித்த சட்டையைத்தான் அணிய வேண்டும்.

அதோடு முடியவில்லை. தாய் தந்தையர் வைத்த பெயரையும் மாற்றிவிட்டார்கள். "சோன் கீ சுங்" என்ற பெயரை ஜப்பானிய முறையில் "கிடேய் சோன்" என்று எழுதினார்கள்.

அவரோடு நாம் சுங் யோங் என்ற மற்றொரு கொரிய வீரரும் மாரத்தானுக்குத் தேர்வு பெற்றார். சைபீரியா வழியாக, நாள் கணக்கில் ரயிலில் பயணம் செய்து பெர்லின் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆகஸ்டு 1-ந் தேதி தொடக்க விழா. சர்வாதிகாரி ஹிட்லர் வந்து பந்தயத்தைத் தொடங்கி வைத்தார். ஒரு லட்சம் பேர் கூடி இருந்தார்கள். வானத்தில் "ஹிண்டன்பர்க்" என்ற ராட்சத ஆகாயக் கப்பல் வட்டமிட்டது.

கிரீஸ் நாட்டின் ஒலிம்பியாவில் சூரிய ஒளியைக் கண்ணாடியால் குவித்து நெருப்பு உண்டாக்கி, கைக்குக் கை மாற்றி, ஓட்டமாகவே விழா மைதானத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் இன்றும் இருக்கிறதே, அது முதன் முதலில் தொடங்கியது அந்த பெர்லின் பந்தயத்தில்தான். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாறி மாறி ஓடி அந்த ஜோதியைக் கொண்டுவந்தார்கள்.

ஆக, ஜோதி ஓட்டம் பிறந்த பந்தயமும், சோன் தம் பெயரை இழந்த பந்தயமும் ஒன்றுதான்!

இந்தியாவின் நிலையும் அதுதான்

அன்று அடிமைப்பட்டுக் கிடந்தது கொரியா மட்டும் அல்ல. இந்தியாவும்தான்.

அதே தொடக்க விழாவில் இந்திய அணிக்கு முன்னால் கொடி ஏந்திச் சென்றவர் ஹாக்கி மாவீரர் தியான் சந்த். அவர் கையில் இருந்தது மூவர்ணக் கொடி அல்ல. வெள்ளைக்காரர் ஆட்சியின் கொடி.

ஹாக்கி இறுதிப் போட்டி ஆகஸ்டு 15-ந் தேதி நடந்தது. ஜெர்மனியை எதிர்த்து ஆடவேண்டும். மைதானத்துக்குப் போகும் முன், உடை மாற்றும் அறையில் இந்திய வீரர்கள் ரகசியமாக மூவர்ணக் கொடியை எடுத்து வைத்து வணங்கினார்கள். பிறகு போய் 8-க்கு 1 என்ற கோல் கணக்கில் ஜெர்மனியை வென்றார்கள்.

நம் வீரர்களுக்கு வணங்க ஒரு கொடியாவது மறைவில் இருந்தது. சோனுக்கு அதுகூட இல்லை.

ஆனாலும், அவர் சும்மா இருக்கவில்லை. யாராவது கையெழுத்துக் கேட்டால், கொரிய எழுத்தில் தம் சொந்தப் பெயரையே எழுதினார். பக்கத்தில் கொரியா நாட்டின் படத்தையும் சிறியதாக வரைந்து கொடுத்தார்.

"அவசரப்படாதே!"

ஆகஸ்டு 9-ந் தேதி. பிற்பகல் 3 மணி. மாரத்தான் ஓட்டம் தொடங்கியது. 56 பேர் ஓடினார்கள்.

அர்ஜென்டினா நாட்டின் ஸபாலா எடுத்த எடுப்பிலேயே முன்னால் பாய்ந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர் அவர்.

அவரை எட்டிப் பிடித்துவிட வேண்டும் என்று சோனின் கால்கள் பரபரத்தன. அப்போது பக்கத்தில் ஓடிவந்த இங்கிலாந்து வீரர் ஹார்ப்பர் சைகை காட்டினார். "அவசரப்படாதே! அவன் தானே களைத்துப் போவான். நிதானமாக ஓடு" என்பது அந்தச் சைகையின் பொருள்.

இருவருக்கும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இருவரும் போட்டியாளர்கள். இருந்தும் ஒருவர் மற்றவருக்கு யோசனை சொன்னார்! அந்த உதவியைச் சோன் கடைசி வரை மறக்கவில்லை.

ஹார்ப்பர் சொன்னபடியே நடந்தது. பாதி தூரத்துக்கு மேல் போனதும் ஸபாலா தளர்ந்தார். சோன் அவரை முந்தினார். பிறகு ஸபாலா பந்தயத்தை விட்டே விலகிவிட்டார்.

சோன் தன்னந்தனியாக ஓடினார். சட்டையில் எண் 382. காலில், கட்டை விரல் தனியாகப் பிரிந்த துணிக் காலணி. ஒரு லட்சம் பேர் காத்திருந்த மைதானத்துக்குள் முதல் ஆளாக நுழைந்தார்.

2 மணி 29 நிமிடம் 19 வினாடி. ஒலிம்பிக் சாதனை!

ஹார்ப்பர் இரண்டாவதாக வந்தார். மூன்றாவதாக வந்தவர் மற்றொரு கொரியரான நாம் சுங் யோங். 56 பேரில் 14 பேரால் ஓட்டத்தை முடிக்கவே முடியவில்லை.

குனிந்த தலை

வெற்றி மேடை. சோன் நடுவில் நின்றார். தலையில் இலைக் கிரீடம். கையில் ஓக் மரக் கன்று வைத்த சிறு தொட்டி. தங்கம் வென்றவர்களுக்கு அந்தப் பந்தயத்தில் மரக்கன்று பரிசாகக் கொடுத்தார்கள்.

கொடி ஏறியது. அது ஜப்பான் கொடி. தேசிய கீதம் ஒலித்தது. அது ஜப்பானிய கீதம்.

உலகத்தையே வென்ற மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாம் இடம் பெற்ற நாமும் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் புகைப்படத்தை இன்று பார்த்தாலும், பரிசு பெற்றவர்களின் படம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். துக்க வீட்டில் நிற்பவர்களைப் போல நிற்கிறார்கள்.

சோன் மரக்கன்றை மார்போடு அணைத்துப் பிடித்தார். சட்டையில் இருந்த கொடிச் சின்னம் அதில் மறைந்தது.

"சோனுக்குக் கிடைத்த தங்கத்தைப் பார்த்து நான் பொறாமைப்படவில்லை. கொடியை மறைக்க அவருக்கு ஒரு செடி கிடைத்ததே, அதைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன்" என்ற கருத்தை நாம் பிற்காலத்தில் வெளியிட்டார்.

பத்திரிகை செய்த துணிச்சல்

சோன் வெற்றி பெற்ற செய்தி கொரியாவுக்கு எட்டியது. மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால், அந்தப் படத்தில் மார்பில் இருந்த ஜப்பான் கொடி அவர்கள் நெஞ்சை உறுத்தியது.

சியோலில் "டோங்-ஆ இல்போ" என்று ஒரு நாளிதழ். ஆகஸ்டு 25-ந் தேதி சோனின் படத்தை அது வெளியிட்டது. படத்தில் சோன் இருந்தார். கிரீடம் இருந்தது. சட்டையில் இருந்த கொடியை மட்டும் காணோம்! பத்திரிகை அலுவலகத்திலேயே அதை அழித்துவிட்டார்கள்.

ஜப்பானிய ஆட்சியாளர்கள் கொதித்து எழுந்தார்கள். பத்திரிகை ஊழியர்கள் எட்டுப் பேரைப் பிடித்துச் சிறையில் தள்ளினார்கள். சித்திரவதை செய்தார்கள். பத்திரிகை சுமார் ஒன்பது மாதம் வெளிவர முடியாதபடி தடை விழுந்தது.

ஒரு படத்தில் இருந்த சிறு வட்டத்தை அழித்ததற்கு இவ்வளவு தண்டனை!

சோன் ஊர் திரும்பினார். உலகத்தின் சிறந்த மாரத்தான் வீரர் அவர். வயதோ 24. இன்னும் எத்தனையோ பந்தயங்களை வென்றிருக்கலாம். ஆனால், அதன் பிறகு ஒலிம்பிக்கில் அவர் ஓடவே இல்லை. உலகப் போர் வந்தது. 1940-லும் 1944-லும் நடக்கவேண்டிய ஒலிம்பிக் பந்தயங்கள் நடக்கவில்லை.

பெர்லினில் கிடைத்த மரக்கன்றை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்தார். தாம் படித்த பள்ளியில் அது நடப்பட்டது.

லண்டனில் பறந்த கொடி

1945-ம் ஆண்டு, ஆகஸ்டு 15-ந் தேதி. ஜப்பான் போரில் சரண் அடைந்தது. கொரியா விடுதலை பெற்றது. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே ஆகஸ்டு 15-ந் தேதி, இந்தியாவும் சுதந்திரம் அடைந்தது.

1948-ல் லண்டனில் ஒலிம்பிக். கொரியா தன் சொந்தப் பெயரில் கலந்துகொண்டது. ரயில், கப்பல், விமானம் என்று மாறி மாறிப் பயணம் செய்து வீரர்கள் லண்டன் போய்ச் சேர்ந்தார்கள்.

ஜூலை 29-ந் தேதி தொடக்க விழா. கொரிய அணிக்கு முன்னால் கொடி பிடித்து நடந்தவர் யார்?

சோன் கீ சுங்!

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கொடியை மறைக்கச் செடியைத் தேடிய கை, இப்போது தன் சொந்தக் கொடியை உயர்த்திப் பிடித்தது. அதே விழாவில் சுதந்திர இந்தியாவும் மூவர்ணக் கொடியோடு அணிவகுத்தது. போருக்குக் காரணமான ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் அந்தப் பந்தயத்துக்கு அழைப்பே இல்லை.

காலச் சக்கரம் எப்படிச் சுழன்றது, பாருங்கள்!

சோன் ஓடவில்லையே தவிர, ஓட்டத்தை விடவில்லை. பயிற்சியாளர் ஆனார். அவர் பழக்கிய சூ யுன் போக் என்ற வீரர், 1947-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த மாரத்தானில் முதல் பரிசு பெற்றார். சோனின் உலக சாதனையை முறியடித்தவரும் அவரேதான். குருவின் சாதனையைச் சீடன் முறியடித்தான். குருவுக்கு அதைவிட என்ன மகிழ்ச்சி வேண்டும்? 1950-ல் அதே பாஸ்டனில் முதல் மூன்று இடங்களையும் கொரியர்களே பிடித்தார்கள்.

ஊருக்குப் போக வழி இல்லை

ஆனால், மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கொரியா வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்தது. 1950-ல் இரண்டுக்கும் போர் மூண்டது. மூன்று ஆண்டுகள் நடந்த அந்தப் போரில் லட்சக்கணக்கான மக்கள் மடிந்தார்கள்.

சோன் வாழ்ந்தது தெற்கே. அவர் பிறந்த சினுய்ஜுவோ வடக்கே. நடுவில் முள்வேலி. சிறு வயதில் ஓடித் திரிந்த ஆற்றங்கரை எட்டாத இடமாகிவிட்டது.

கிடைத்தது கிரீடம் அல்ல, கவசம்!

பெர்லினில் சோனுக்கு மற்றொரு பரிசும் சேரவேண்டி இருந்தது. அது ஒரு வெண்கலத் தலைக்கவசம். 2,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. கிரீஸ் நாட்டில் ஒலிம்பியாவில் தோண்டி எடுத்தது. மாரத்தான் வெற்றி வீரருக்குக் கொடுப்பதற்கென்று கிரேக்கப் பத்திரிகை ஒன்று அதை அனுப்பி இருந்தது.

ஆனால், அது சோன் கைக்கு வரவில்லை. பெர்லினில் உள்ள ஒரு காட்சிசாலையிலேயே தங்கிவிட்டது. அப்படி ஒரு பரிசு இருக்கிறது என்று சோனுக்குப் பல ஆண்டுகள் தெரியவே தெரியாது!

தெரிந்த பிறகு கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் 1986-ம் ஆண்டு, சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, கவசம் அவர் கைக்கு வந்தது. அவர் அதை வீட்டில் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. பிறகு நாட்டுக்கே கொடுத்துவிட்டார். இன்று அது சியோல் தேசியக் காட்சிசாலையில் இருக்கிறது.

மறுபடியும் சியோல்

1981-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி. 1988 ஒலிம்பிக்கை எங்கே நடத்துவது என்று ஒலிம்பிக் கமிட்டி ஓட்டு எடுத்தது. இரண்டு நகரங்கள் போட்டியிட்டன. ஒன்று, ஜப்பானின் நகோயா. மற்றொன்று, கொரியாவின் சியோல்.

சியோலுக்கு 52 ஓட்டு. நகோயாவுக்கு 27 ஓட்டு!

செய்தி கேட்டுக் கொரியர்கள் கூத்தாடினார்கள். அன்று பிறந்த ஆண் குழந்தை ஒன்றை, ஏழு ஆண்டுகள் கழித்துத் தொடக்க விழாவுக்கு அழைத்து வந்தார்கள். அவ்வளவு பெரிய மைதானத்தில் அந்தச் சிறுவன் தன்னந்தனியாக வளையம் உருட்டிக்கொண்டு ஓடினான். பார்த்தவர்கள் மூச்சு விடவும் மறந்தார்கள்.

விழாவின் முதல் ஓட்டம் கிழவருக்கு. அடுத்தது குழந்தைக்கு!

இப்போது, சோன் ஏன் துள்ளினார் என்பது புரிகிறது அல்லவா?

பெர்லினில் ஓடியபோது அவருக்கு வயது 23. கால்களில் வலு இருந்தது. ஆனால், மனத்தில் மகிழ்ச்சி இல்லை. வெற்றி மேடையில்கூடச் சிரிப்பு வரவில்லை. சியோலில் வயது 76. கால்கள் தளர்ந்த காலம். ஆனால், பெயர் அவருடைய பெயர். கொடி அவருடைய கொடி. ஓடிய மண் அவருடைய மண்.

23 வயதில் துள்ளியிருக்க வேண்டிய துள்ளலை, 76 வயதில் துள்ளினார்!

கொஞ்ச தூரம் ஓடியதும், ஜோதியை லிம் சுன் ஏ என்ற இளம் வீராங்கனையிடம் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன், நம் பி. டி. உஷா நான்கு தங்கம் வாங்கிய அதே சியோல் ஆசியப் பந்தயத்தில், மூன்று தங்கம் வாங்கியவர் அந்தப் பெண். அவர் ஓடிப்போய்க் கொடுக்க, கடைசியில் மூன்று பேர் சேர்ந்து மேலே ஏறிப் பெரிய தீபத்தை ஏற்றினார்கள். மூவரில் ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் ஓட்டக்காரர், ஒருவர் நாட்டியம் பயிலும் பெண்.

தேதி தவறவில்லை

கதை அதோடு முடியவில்லை.

1992-ல் ஸ்பெயின் நாட்டின் பார்சலோனாவில் ஒலிம்பிக். மாரத்தான் ஓட்டம். கொரிய வீரர் ஹ்வாங் யோங் ஜோவும், ஜப்பானிய வீரர் மோரிஷிதாவும் தோளோடு தோள் உரச ஓடினார்கள். கடைசி மேட்டில் ஹ்வாங் முந்தினார். தங்கம் வென்றார்.

அன்றைய தேதி என்ன தெரியுமா? ஆகஸ்டு 9. சோன் பெர்லினில் வென்ற அதே தேதி!

சோன் அங்கேயே இருந்தார். 80 வயதை நெருங்கிய கிழவராக, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து அந்த வெற்றியைக் கண்ணாரக் கண்டார். இந்தத் தடவை மேடையில் ஏறிய கொடியைப் பார்த்து யாரும் தலைகுனிய வேண்டியிருக்கவில்லை.

2002-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி, தமது 90-வது வயதில் சோன் காலமானார்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. ஒலிம்பிக் பதிவேட்டில் 1936 மாரத்தான் தங்கம் ஜப்பான் கணக்கில்தான் இருக்கிறது. பெர்லின் மைதானத்துக் கல்வெட்டிலும் அப்படியே. 1970-ல் கொரிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் இரவோடு இரவாக உள்ளே நுழைந்து, அந்தக் கல்வெட்டில் "ஜப்பான்" என்பதைச் செதுக்கி எடுத்துவிட்டு "கொரியா" என்று பொறித்தார். பிறகு அதைப் பழையபடி மாற்றிவிட்டார்கள்.

கல்லில் உள்ளது அப்படி இருக்கட்டும்.

சியோலில், சோன் படித்த பள்ளி இருந்த இடம் இப்போது அவர் பெயரால் ஒரு பூங்கா. அங்கே ஒரு பெரிய மரம் நிற்கிறது. பெர்லினில், மார்பில் இருந்த கொடியை மறைப்பதற்காக ஓர் இளைஞர் இறுக அணைத்துப் பிடித்தாரே, அந்தச் சின்னஞ்சிறு கன்றுதான் அது!